கல்லூரி இணையதளங்களில் திறந்து கிடக்கும் மாணவர் முகவரிகள்: முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், ஐக்யூஏசி எனப்படும் உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், இணையதளப் பொறுப்பைக் கூடுதல் பணியாகச் சுமக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கல்வி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் சர்வர் அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். அந்த வேலையின் பொருட்டு உங்கள் இணையதளங்களை அன்றாடம் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். மாணவர்களின் மின்னஞ்சல் முகவரியும் கைப்பேசி எண்ணும் அடங்கிய பட்டியல்களை உங்கள் இணையதளத்திலிருந்து நீக்குங்கள். கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகாரம் அளிக்கும் நாக் அமைப்பின் குழு வந்து போகட்டும், அடுத்த கல்வியாண்டு பிறக்கட்டும் என்று தள்ளிப் போடாமல் இந்த வாரமே நீக்குங்கள்.

எந்தப் பட்டியல் என்று உங்களில் பலருக்கு இதற்குள் புரிந்திருக்கும். நாக் அங்கீகாரத்துக்குச் சுயமதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும்போது சான்றாவணங்கள் கேட்கப்படுகின்றன. வேலைவாய்ப்புப் பெற்ற மாணவர்களுக்கான படிவத்தில் மாணவரின் பெயரோடு தொடர்பு விவரத்தையும் எழுதச் சொல்லி ஒரு பத்தி உண்டு. துறை அலுவலகத்தில் ஒருவர் இரவு நெடுநேரம் உட்கார்ந்து அதை எக்செல்லில் நிரப்புகிறார். அது பிடிஎஃப் ஆகிறது, இணையதளத்தில் ஏறுகிறது, அதன் இணைப்பு அறிக்கையில் ஒட்டப்படுகிறது. மதிப்பீடு முடிந்து நுழைவாயிலில் 'ஏ பிளஸ்' பலகையும் வைத்தாகிவிடுகிறது. கோப்பை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது, பூட்டும் இல்லாமல் காவலும் இல்லாமல்.

அதில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். வரிசை எண், மாணவி பெயர், பதிவு எண், துறை, தேர்ச்சி ஆண்டு, நேர்காணலுக்கு வந்த நிறுவனம், ஆண்டுச் சம்பளம், ஜிமெயில் முகவரி, கைப்பேசி எண். கல்வி உதவித்தொகைப் பட்டியலாக இருந்தால் தந்தை பெயரும் சாதிப் பிரிவும் கூடுதலாக இருக்கும். பழைய மாணவர் சங்கப் பட்டியலில் வீட்டு முகவரியே இருக்கும். ஒரு பெண்ணைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவன் இவ்வளவையும் தெரிந்துகொள்ள எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கும்? நீங்கள் அதை ஒரே வரியில், அகர வரிசையில் அடுக்கி, இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

கலைக் கல்லூரி ஒன்றில் படித்து முடித்த மாணவி ஒருவர் தமக்கு வந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். அதில் அவருடைய முழுப்பெயர் இருந்தது. துறை, பதிவு எண், தேர்ச்சி ஆண்டு எல்லாம் சரியாக இருந்தன. "உங்கள் கல்லூரியில் நடந்த வளாக நேர்காணலில் நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தீர்கள், இப்போது இடம் காலியாகியிருக்கிறது" என்று தொடங்கி, பணியில் சேரும் நாளும் சம்பளமும் குறிப்பிட்டு, மடிக்கணினிக்கான "திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை"யை அன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. அந்த நிறுவனம் உண்மையிலேயே அவர்கள் கல்லூரிக்கு வந்து போனதுதான். அந்தப் பெண் எப்படிச் சந்தேகப்படுவார்? வீட்டில் நகையை வைத்துப் பணம் கட்டினார்கள். அந்த மின்னஞ்சலில் இருந்த விவரங்கள் எல்லாம், எழுத்துப் பிழை உட்பட, கல்லூரி இணையதளத்தில் இருந்த பிடிஎஃபில் அப்படியே இருந்தன. அவருடைய தந்தை பெயரில் ஓர் எழுத்து அங்கே தவறாக இருந்தது. மோசடிக் கடிதத்திலும் அதே எழுத்து தவறாக இருந்தது.

கல்லூரியில் போய்ச் சொன்னபோது, "தெரியாதவர்கள் அனுப்பும் மின்னஞ்சலை நம்பலாமா?" என்று அந்தப் பெண்ணைத்தான் கடிந்துகொண்டார்கள். இது எனக்கு ஆறவில்லை. அவர் நம்பியது தெரியாதவனை இல்லை, தம் கல்லூரிக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய விவரங்களை.

முகவரிகள் எப்படி ஸ்பேம், அதாவது கேட்காமலே வந்து குவியும் மின்னஞ்சல், அனுப்புவோர் கைக்குப் போகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏதோ மாயமந்திரம் போலவும், கணினி நிபுணர்கள் கோட்டையை உடைத்துத் திருடுவது போலவும் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

வரலாற்றில் முதல் ஸ்பேம் என்று சொல்லப்படுவது 1978 மே 3 அன்று அனுப்பப்பட்டது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், தங்கள் புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்து, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். அந்த முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன? அர்ப்பாநெட் பயன்படுத்துவோரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஒரு தொடர்பேட்டிலிருந்து. கூட்டம் கலிஃபோர்னியாவில் நடந்ததால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருப்போரை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். ஆக, முதல் ஸ்பேமே ஒரு நிறுவனப் பட்டியலை வைத்து, ஆளைத் தேர்ந்து அனுப்பியதுதான். பட்டியல் எந்த நோக்கத்துக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதைப் பற்றி எடுத்தாள்பவர் கவலைப்படுவதில்லை. அன்று கையால் தட்டச்சு செய்தார்கள், இன்று அந்த உழைப்பும் தேவையில்லை.

இன்று அந்த வேலையைச் செய்வது தானியங்கி நிரல். ஓர் இணையதளத்தின் முகப்பில் நுழைந்து, அங்கிருக்கும் ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர்ந்து, பக்கம் பக்கமாக மேயும். அது தேடுவது '@' என்ற ஒரு குறியைத்தான். அந்தக் குறியின் இரண்டு பக்கமும் இருப்பதைக் கத்தரித்து எடுத்துச் சேர்த்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். பிடிஎஃபுக்குள்ளும் எக்செல்லுக்குள்ளும் இருப்பதைப் படிக்க அதற்கு எந்தத் தடையும் இல்லை. இந்த நிரலும் இல்லாதவனுக்குத் தேடுபொறி இருக்கிறது. நீங்கள் ஏற்றிய கோப்பை அது ஏற்கனவே படித்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. உங்கள் கல்லூரியின் இணைய முகவரியையும் 'ஜிமெயில்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். என்ன வருகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு மடலின் மீதியைப் படியுங்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம் 2002இல் ஒரு சோதனை செய்தது. நூற்றுக்கணக்கான புதிய முகவரிகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பயன்படுத்திவிட்டு ஆறு மாதம் காத்திருந்தார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, வந்த ஸ்பேமில் 97 விழுக்காட்டுக்கும் மேல் பொது இணையதளங்களில் வெளிப்படையாக எழுதி வைத்த முகவரிகளுக்கே வந்திருந்தது. அதே பக்கங்களில் நிரல் படிக்க முடியாதபடி உருமாற்றி வைத்த முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. அப்போதைய நிரல்களைவிட இப்போதையவை கெட்டிக்காரத்தனமானவை. '@' குறிக்குப் பதிலாக 'அட்' என்று எழுதி வைத்தால் தப்பித்துவிடலாம் என்பதற்கு இன்று உறுதி கிடையாது. ஆனால் அந்தச் சோதனையின் அடிப்படை உண்மை மாறவில்லை. திறந்த வெளியில் வைத்த முகவரி அறுவடை ஆகும்.

"நாங்கள் மாணவர்களுக்குக் கல்லூரி முகவரியே கொடுத்துவிட்டோம், ஜிமெயிலைப் போடுவதில்லை" என்று சில கல்லூரிகள் பெருமையாகச் சொல்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் அந்த முகவரியை எப்படி அமைத்திருக்கிறீர்கள்? சேர்ந்த ஆண்டு, துறையின் சுருக்கம், வரிசை எண். 21சிஎஸ்001 என்ற ஒன்று தெரிந்துவிட்டால் 002 முதல் 060 வரை வகுப்பு முழுவதும் தெரிந்ததுபோல்தான். துறைச் சுருக்கங்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒரு சின்னப் பையன்கூட எழுதக்கூடிய நிரல், சில நொடிகளில் உங்கள் மாணவர்கள் அத்தனை பேருடைய முகவரியையும் அடுக்கிவிடும்.

பெயரை வைத்து அமைத்தாலும் ஊகிப்பது நடக்கிறது. நான் பராமரிக்கும் சர்வர் ஒன்றின் பதிவேட்டில் நள்ளிரவுக்குப் பிறகு வரிகள் இப்படி ஓடும்: அருண், அருணா, அருண்குமார், அருள், அருள்மணி, ஆனந்த், ஆனந்தி... எங்கிருந்தோ ஒரு கணினி கதவைத் தட்டி, "இந்தப் பெயரில் ஆள் உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. இல்லையென்றால் சர்வர் 550 என்ற எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பும். இருந்தால் 250 என்று சொல்லிக் கடிதத்தை ஏற்கத் தயாராகும். கேட்டவன் கடிதம் எதையும் கொடுக்காமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவான். அவனுக்கு வேண்டியது அந்த 250 மட்டும்தான். விடியும்போது உயிருள்ள முகவரிகளின் பட்டியல் அவன் கையில் இருக்கும். இப்படித் தட்டுபவர்களைச் சில முறைக்கு மேல் தட்டவிடாமல் தடுக்கவும், பதிலைத் தாமதப்படுத்தவும் வழிகள் உண்டு. சர்வரை அமைத்தவரிடம் அதைச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் இப்படி ஊகித்துச் சேகரிப்பதையும், இணையதளங்களிலிருந்து அறுவடை செய்வதையும் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் செயல்களாக வைத்திருக்கிறது. அதே ஆண்டு ஆஸ்திரேலியா இயற்றிய ஸ்பேம் சட்டம், முகவரி அறுவடை மென்பொருளை விற்பதையே தடை செய்கிறது. நம் நாட்டில் மின்னஞ்சல் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிகள் தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்குமானவை. ஆகவே இங்கே தற்காப்பு முழுவதும் முகவரியை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. அதாவது உங்கள் கையில்.

இனி நான் முக்கியமாகக் கருதும் ஒன்றுக்கு வருகிறேன். ஸ்பேம் என்பது எல்லோருக்கும் வரும் தொல்லைதானே, ஸ்பேம் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்பது உங்களில் பலருடைய எண்ணம். கண்மூடித்தனமாக வீசும் ஸ்பேமுக்கு அது ஓரளவு பொருந்தும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியாகோ வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் தீநிரலால் கைப்பற்றிய கணினிகளைக் கொண்டு ஸ்பேம் அனுப்பிய 'ஸ்டார்ம்' என்ற வலைக்குள் புகுந்து, ஸ்பேம் தொழிலின் வருமானத்தை உள்ளிருந்தே அளந்தார்கள். மருந்து விற்பதாகச் சொன்ன ஏறத்தாழ 35 கோடி மின்னஞ்சல்கள் 26 நாட்களில் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். கோடிக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

ஆளைத் தெரியாமல் வீசும்போது கிடைக்கும் பலன் அவ்வளவுதான். பெயரும் படிப்பும் ஆண்டும் எதிர்பார்ப்பும் தெரிந்து வீசினால்? அந்த மாணவிக்கு வந்த கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போகவில்லை. ஒரே வாசகம் லட்சம் பேருக்குப் போனால் வடிகட்டி கண்டுபிடிக்கும். ஒரு துறையின் 40 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் எண்ணும் போட்டுப் போனால் அது சாதாரணக் கடிதமாகவே தெரியும். மோசடிக்காரனுக்கு வெறும் முகவரிகள் தட்டுப்பாடே இல்லாமல் கிடைக்கின்றன. 2019இல் 'கலெக்ஷன் #1' என்ற பெயரில் வெளிவந்த, கசிந்த தரவுகளின் ஒரு தொகுப்பில் மட்டும் 77 கோடிக்கும் அதிகமான முகவரிகள் இருந்தன. அவனிடம் இல்லாதது, அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார், எதற்காகக் காத்திருக்கிறார் என்ற தகவல்தான். வேலை தேடும் வயதில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி அந்தத் தகவலை அவனுக்குக் கொடுப்பது உங்கள் பிடிஎஃப்.

ஆசிரியர்களுக்கும் இதே கதி உண்டு. துறைப் பக்கத்தில் தலைவர் யார், அவருக்குக் கீழே யார் யார் என்பது படத்தோடு இருக்கிறது. முதல்வரின் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, "கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம், ஓர் அவசர உதவி" என்று உதவிப் பேராசிரியர்களுக்கு அனுப்புகிறார்கள். பதில் போட்டால் பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொல்வார்கள். பணிநிரந்தரம் ஆகாத இளம் ஆசிரியருக்கு முதல்வரிடம் மறுத்துப் பேசும் தைரியம் இருக்காது என்பதை அனுப்பியவன் அறிவான். ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்களுக்கு வேறு வகைக் கடிதம். கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கென்று போட்டிருக்கும் முகவரியை எடுத்துக்கொண்டு, "உங்கள் மேன்மையான ஆய்வைப் படித்து வியந்தோம்" என்று தரமற்ற இதழ்களும் போலி மாநாடுகளும் வலை விரிக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. ஆய்வாளர்களை ஏமாற்றியதாக 2019இல் தீர்ப்பாகி, 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிடப்பட்டது. கட்டுரையில் முகவரி போடுவதை யாரும் தவிர்க்க முடியாது, அறிவியல் அப்படித்தான் நடக்கிறது. தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்க்காமல் இருப்பதுதான் என் வருத்தம்.

எடுத்த முகவரி ஓரிடத்தில் தங்குவதும் இல்லை. 2003இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல்லின் பொறியாளர் ஒருவர் அதன் 9 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர் முகவரிகளைத் திருடி விற்றார். அவர் சிறைக்குப் போனார். முகவரிகள் திரும்பி வரவில்லை. வாங்கியவன் முதலில் எது உயிருள்ளது என்று பார்ப்பான். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை வைத்திருப்பான். அந்தப் படத்தின் இணைய முகவரி ஒவ்வொரு பெறுநருக்கும் வேறு வேறாக இருக்கும். நீங்கள் கடிதத்தைத் திறந்ததும் படம் அவன் சர்வரிலிருந்து இறங்கும், இன்னார் திறந்தார் என்று அங்கே பதிவாகும். படங்களைத் தானாகக் காட்டாதபடி அமைத்துவிட்டால் இதைத் தடுக்கலாம். முன்பின் தெரியாத குப்பைக் கடிதத்தில் "இனி அனுப்ப வேண்டாம்" என்ற இணைப்பை அழுத்துவதும் பல நேரம் இதே வேலையைத்தான் செய்கிறது. உயிருள்ளது என்று உறுதியான முகவரிக்கு விலை கூடும், அது அடுத்தவன் கைக்குப் போகும். மூன்றாண்டுக்கு முன் படித்து முடித்தவரின் முகவரி இன்னும் உங்கள் இணையதளத்தில் இருக்கிறதென்றால், அவரை இப்போதும் யாரோ ஒருவனுக்கு அறிமுகம் செய்துவைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

எதிர்வாதங்களை நான் கேட்டிருக்கிறேன். நாக் கேட்கிறது, கொடுக்காவிட்டால் மதிப்பெண் குறையும் என்பது முதலாவது. சான்று கேட்பது நாக். அந்தச் சான்றை உலகத்துக்கே திறந்து வைப்பது நீங்கள் எடுத்த முடிவு. கடவுச்சொல் போட்ட கோப்பகத்தில் வைத்து மதிப்பீட்டாளருக்கு மட்டும் வழி கொடுக்கலாம். அது முடியாத இடத்தில் முகவரியின் நடு எழுத்துகளையும் கைப்பேசி எண்ணின் நடு இலக்கங்களையும் மறைத்துப் போடலாம். ஒரு மாணவர் வேலை பெற்றார் என்பதற்குப் பணி ஆணைதான் சான்று, அவருடைய ஜிமெயில் முகவரி சான்று ஆகாது.

தகவல் உரிமைச் சட்டம் வெளியிடச் சொல்கிறது என்பது இரண்டாவது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் அலுவலர்கள், பணியாளர்களின் தொடர்பேட்டை வெளியிட வேண்டும் என்கிறது. அது நல்ல பிரிவு, அதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஒரு குடிமகனுக்குக் கல்லூரி அலுவலகத்தை அணுக வழி தெரிய வேண்டும். ஆனால் மாணவர்கள் உங்கள் அலுவலரும் இல்லை, பணியாளரும் இல்லை. பணியாளருக்கும்கூடப் பதவியின் பெயரில் ஒரு முகவரி இருந்தால் போதுமானது, அவருடைய சொந்த ஜிமெயில் வேண்டியதில்லை. சட்டம் அலுவலகத்தைத் திறந்து வைக்கத்தான் சொல்கிறது. மாணவியின் பையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

இன்னொரு சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவை வைத்திருப்போருக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த விவரத்துக்கும், சட்டப்படி வெளியிட்டாக வேண்டிய விவரத்துக்கும் அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. உங்கள் மாணவர் பட்டியல் இந்த இரண்டில் எதற்குள்ளும் அடங்காது என்பதே என் கருத்து. 18 வயது நிறையாதவரை அந்தச் சட்டம் குழந்தையாகக் கருதுகிறது என்பதையும் கவனியுங்கள். முதலாமாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17 வயது. அபராதத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் ஒரு பிள்ளை தன் முகவரியை எழுதித் தந்தது உங்களை நம்பித்தான் என்பதே எனக்குப் போதுமான காரணம். சட்டம் கேட்டால்தான் செய்வோம் என்போருக்காக இதையும் எழுதினேன்.

"ஏற்கனவே எல்லா இடத்திலும் போய்விட்டது, இனி எடுத்து என்ன பயன்?" என்பது மூன்றாவது. இதைத்தான் அதிகம் கேட்கிறேன், இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. முகவரி வெளியே போயிருக்கலாம். முகவரியோடு பதிவு எண்ணும் துறையும் சம்பளமும் சேர்ந்த வரி உங்கள் இணையதளத்தில் மட்டும்தான் இருக்கிறது. தவிர, இந்த ஆண்டு படிப்பவர்களின் பட்டியல் இன்னும் ஏறவில்லை. அவர்களையாவது காப்பாற்றலாம் இல்லையா?

எடுக்கும்போது சரியாக எடுங்கள். மெனுவிலிருந்து இணைப்பை நீக்கிவிட்டுக் கோப்பை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. கோப்பு சர்வரில் அப்படியே இருக்கும், தேடுபொறி அதை நேரே திறந்து காட்டும். கோப்பையே அழியுங்கள். அழித்த பிறகு கூகுளின் சர்ச் கன்சோல் வழியாகப் பழைய பதிவையும் நீக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். இணையதளத்தைப் புதுப்பித்தபோது கைவிட்ட பழைய தளம் ஏதோவொரு துணை முகவரியில் இன்னும் உயிரோடு இருக்கலாம், அதையும் தேடிப் பாருங்கள். பிடிஎஃபில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தால் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், இழுத்து நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். எக்செல்லில் பத்தியை மறைத்து வைப்பதும் அப்படியே, ஒரு சொடுக்கில் வெளிப்படும். மூலக் கோப்பிலேயே அந்தப் பத்தியை அழித்துவிட்டு மறுபடியும் பிடிஎஃப் ஆக்குவதுதான் முறை. தேடுபொறிகளுக்கு அறிவிப்பு எழுதி வைக்கும் ரோபோட்ஸ் கோப்பில் "இந்தப் பக்கம் வராதே" என்று எழுதி வைப்பதை நம்பாதீர்கள். கூகுள் போன்றவை அதை மதிக்கும், திருட வருபவன் மதிக்க மாட்டான். எதை மறைக்கப் பார்க்கிறீர்கள் என்பதை அவன் அதிலேயே படித்துக்கொள்வான்.

கூகுள் ஷீட், கூகுள் ஃபார்ம் இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். கருத்தரங்கப் பதிவு, கட்டணத் திரட்டல், விடுதி அறை ஒதுக்கீடு எல்லாம் இப்போது இவற்றில்தான் நடக்கிறது. "இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்" என்று வைத்துவிட்டு அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் பகிர்வை மூடும் பழக்கம் வர வேண்டும்.

ஒட்டுமொத்தமாகக் கடிதம் அனுப்பும்போது 300 பேருடைய முகவரியையும் எல்லோரும் பார்க்கும்படி போடாமல், மறைநகல் கட்டத்தில் போடுங்கள். அந்த 300 பேரில் ஒருவருடைய கணினியில் தீநிரல் இருந்தாலும் எல்லா முகவரியும் போய்விடும். 1999இல் வந்த மெலிசா வைரஸ் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பின்னாளில் வந்த எமோடெட் என்ற தீநிரல் அதையும் தாண்டி, பழைய கடிதப் போக்குவரத்தையே திருடி, அந்த உரையாடலின் தொடர்ச்சி போலப் பதில் எழுதி ஏமாற்றியது. அதோடு, 'அனைத்து மாணவர்', 'அனைத்து ஆசிரியர்' என்ற குழு முகவரிகள் உங்கள் கல்லூரியிலும் இருக்கும். அவற்றுக்கு வெளியாட்கள் கடிதம் அனுப்ப முடிகிறதா என்று இன்றே சோதியுங்கள். முடிகிறதென்றால் மோசடிக்காரனுக்குப் பட்டியலே தேவையில்லை, ஒரே கடிதத்தில் கல்லூரி முழுவதையும் எட்டிவிடுவான். நிர்வாகப் பக்கத்தில் ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் இது தீர்ந்துவிடும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. நிறுவன நிதிக் குழுவைக் கூட்ட வேண்டியதில்லை. கணினி அறிவியல் துறை ஆசிரியர் ஒருவரும் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவரும் சேர்ந்து இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். அவர்களுக்கு அந்த இரண்டு பிற்பகல்களை வகுப்பில்லாமல் ஒதுக்கிக் கொடுங்கள். கூடுதல் பணியாக ஏற்கனவே பலவற்றைச் சுமப்பவர்கள் அவர்கள்.

கடைசியாக, ஏமாந்த மாணவர் உங்களிடம் வந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உங்கள் அறையிலிருந்தே அழைக்கச் செய்யுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் புகார் போனால் அதை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் சொல்ல அஞ்சி அந்த மணி நேரங்களைக் கடத்திவிடும் பிள்ளைகளே அதிகம். அதன் பிறகு, மோசடிக் கடிதத்தில் இருந்த விவரங்களை உங்கள் இணையதளக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் அந்தப் பட்டியலில் இருக்கும் மற்ற மாணவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே எச்சரிக்கை அனுப்புங்கள். பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி மறைத்தால் அடுத்த பிள்ளையும் பணத்தை இழக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் வேலைவாய்ப்புப் பட்டியலில் தொடங்குங்கள். அடுத்து உதவித்தொகைப் பட்டியல், அதன் பின் பழைய மாணவர் சங்கப் பட்டியல். என்னென்ன கோப்புகள் நீக்கப்பட்டன, அவை எவ்வளவு காலம் திறந்திருந்தன என்பதை அந்தந்த மாணவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். அவர்களுடைய முகவரிதான் உங்களிடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
கல்வி நிறுவனங்களின் மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிக்கும் ஒருவர்

நகல்: தேசிய மதிப்பீட்டு மற்றும் அங்கீகாரக் குழு, பெங்களூரு. சான்றாவணப் படிவங்களில் மாணவரின் தொடர்பு விவரத்துக்கான பத்தி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை நீக்கவும், மாணவர் விவரம் அடங்கிய கோப்புகளைப் பொது இணையதளத்தில் ஏற்றக் கூடாது என்று கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் வேண்டுகிறேன்.